செவ்வாயில் உடுப்பு காயப்போட இடமில்லை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

இங்கு நான் சுகம், எனது இரத்த அழுத்தமும் சுகம். அங்கு உங்களுடைய சுகத்தையும், அண்ணியின் முழங்காலின் சுகத்தையும், வீட்டுக்குள் வைத்து வளர்க்கிற கறிவேப்பிலைக் கன்று இந்த முறையாவது குளிருக்குத் தப்பியதா என்பதையும் அறிய ஆவல். நிற்க, போன சனிக்கிழமை நாகேஸ்வரி அக்காவின் கணவர் கனகசபாபதி அத்தான் உங்களுக்குப் போன் எடுத்து, "உன்ரை தங்கச்சி செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப் போறாளாம், அங்கை மூத்திரத்தைக் குடிக்கப் போறாளாம்" என்று சொன்னதாக அறிந்தேன். இதில் முதல் பகுதி முழுப் பொய், இரண்டாம் பகுதி அரைப் பொய். நான் போக இருப்பது களனிக்கு. அங்கே ஒரு பழைய ஓட்டுக் களஞ்சியத்துக்குள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் வாழக்கூடிய மாதிரி வீடு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை காலை தொடங்கிப் பதினான்கு நாள் அதற்குள் கதவை அடைத்துக்கொண்டு நாலு பேர் இருக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தி நான். இத்துடன் வைத்திருக்கிற படிவத்தில் 'பாதுகாவலர்' என்று போட்ட கட்டத்துக்குள் நீங்கள் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் "அண்ணா, ஒரு விசயம்" என்று தொடங்கினால் நீங்கள் "முதல்ல நான் சொல்லுறதைக் கேள்" என்பீர்கள், நீங்கள் சொல்லி முடிய அண்ணி வாங்குவா, அண்ணி முடிய மறுபடியும் நீங்கள் வந்து "சரி வைக்கிறன்" என்பீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே கதைக்க முடியாது என்பது அதில் எனக்குப் பிடித்த குணம். கீழ்வீட்டு நளீபாவின் மகள் நிஹ்லா இன்று பின்னேரம் ரொறன்ரோவுக்குப் பறக்கிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். நாளைக்கு உங்கள் கையில் இருக்கும்.

எல்லாம் லிஃப்ற்றால் வந்த வினை. எங்களுடைய தொடர்மாடியின் லிஃப்ற் பழுதாகி மூன்று கிழமை. நாலாம் மாடியில் யதுஷா என்று ஒரு பிள்ளை, பொறியியல் படிக்கிறாள், ஒரு நாள் பின்னேரம் ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை அட்டையில் செய்த பெரிய உருவம் ஒன்றைச் சுமந்துகொண்டு படி ஏறி, என்னுடைய வாசலில் மூச்சு வாங்கி இருந்துவிட்டாள். கவிழ்த்த இட்லிகள் போல ஐந்தாறு வட்ட அறைகள், இடையே குழாய் மாதிரி ஒழுங்கைகள். முப்பது வருடம் பம்பலப்பிட்டியில் மனையியல் படிப்பித்தவளுக்கு ஒரு வீட்டின் மாதிரியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? குனிந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். படுக்கை இருக்கிறது, குசினி இருக்கிறது, கக்கூசு இருக்கிறது, செடி வளர்க்க ஒரு அறை இருக்கிறது. "பிள்ளை, உடுப்பு எங்கை காயப்போடுறது?" என்று கேட்டேன். "அங்கை தண்ணி காணாது அன்ரி, உடுப்புத் தோய்க்கிறேல்லை. போட்டு ஊத்தையானால் எறியிறதுதான்" என்றாள். "எங்கை எறியிறது?" "வெளியிலை." "அப்ப ரெண்டு வருசத்திலை வீட்டைச் சுத்தி ஊத்தை உடுப்பு ஒரு மலையா நிக்குமே?" பிள்ளை உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று மாதமாகத் திட்டம் போட்டும் இதை ஒருத்தரும் கேட்கவில்லையாம். பத்துக்கு நாலு போட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த நாள் மூன்று பேராகக் கொப்பியும் பேனையும் கொண்டு வந்து நின்றார்கள். யதுஷா, நளீபாவின் மகன் ஸைத், செடி வளர்ப்பைப் பார்த்துக்கொள்கிற ரொஷேல். ஸைத்தின் வேலை தண்ணீர். பல நாட்டு மாணவர்கள் பங்குபற்றுகிற போட்டியாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இருக்கிறார்களாம். கட்டிய வீட்டில் தாங்களே அடைபட்டு வாழ்ந்து காட்ட வேண்டும். அறுபது தாண்டிய ஒருவரும் உள்ளே இருந்தால் எட்டுப் புள்ளி கூட. அதாவது அண்ணா, முதலில் என்னைக் கேட்டது எனக்காக அல்ல, எட்டுப் புள்ளிக்காக. எனக்கு அது குறையாகப் படவில்லை. பென்சன் எடுத்த பிறகு என்னால் யாருக்காவது எட்டுப் புள்ளி கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

பிறகு நான் கேட்க அவர்கள் சொல்ல, அவர்கள் கேட்க நான் சொல்ல, ஒரு மாதம் போனதே தெரியவில்லை. அந்தக் கிரகத்தில் மூச்சு விடக்கூடிய காற்று இல்லை, கதிர்வீச்சுக்குப் பயந்து வீட்டை மண்ணால் மூட வேண்டும், ஆகவே சன்னல் கிடையாது. பக்கத்துக் காணியில் ஒன்பது மாடி எழும்பிய நாள் முதல் என்னுடைய குசினிச் சன்னலும் சுவரைத்தான் பார்க்கிறது என்பதால் அது எனக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. அங்கே பொருட்களுக்கு இங்குள்ள பாரத்தில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் கூட. "அப்ப தோசைக்கல்லிலை மாவை ஊத்தினால் என்னெண்டு பரவும்?" என்று நான் கேட்டதற்கு ஸைத் அரை மணித்தியாலம் கணக்குப் போட்டுப் பார்த்து, "தடிப்பாத்தான் வரும் டீச்சர்" என்றான். அவன் தொழுவதற்கு எந்தப் பக்கம் பார்ப்பான் என்று கேட்டேன். பூமி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்தால் போதும் என்று தான் நினைப்பதாகச் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்குச் சாமி அறையின் யோசனை வந்துவிட்டது. நல்ல காலம், அங்கேயும் சூரியன் கிழக்கில்தான் உதிக்குமாம். விளக்கு மட்டும் ஏற்றக் கூடாது, சுடர் எங்களுடைய மூச்சுக் காற்றைத் தின்றுவிடும். இத்தனை வருடம் விளக்கேற்றியும் அது என்னுடைய காற்றைத் தின்கிறது என்று நான் யோசித்ததில்லை. இப்படி ஒவ்வொரு நாளும் வீட்டில் உள்ள ஏதோ ஒன்று எனக்குப் புதிதாகத் தெரிகிறது அண்ணா. உப்புப் போத்தலைக்கூட எடுத்து வைத்து யோசிக்கிறேன்.

களனிக்குப் போக முன்னர் முப்பத்தாறு மணித்தியாலம் ஒரு ஒத்திகை பார்ப்போம் என்றார்கள், இடத்துக்கு என்னுடைய வீட்டைக் கேட்டார்கள். அதுதான் அத்தான் சொன்ன கூத்து. சன்னல்களை மூடப் பொலித்தீன் வாங்கக் காலி வீதிக் கடைக்குப் போனேன். "மொகடத நோனா மெச்சர?" என்று, இவ்வளவும் எதற்கு என்று முதலாளி கேட்டார். "அங்கஹரு லோகயட" என்று, செவ்வாய் உலகத்துக்கு என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டு மீற்றர் கூட வெட்டித் தந்தார். வீட்டை அடைத்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு லீற்றர் தண்ணீர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். பூமிக்குப் பொறுப்பு ஹெக்டர். அவர் கொட்டாஞ்சேனை ஆள், கப்பல்களில் எஞ்சின் பார்த்து இளைப்பாறியவர், பிள்ளைகளுக்குப் பொருத்து வேலைகள் சொல்லிக் கொடுக்கிறவர். செவ்வாயிலிருந்து நாம் ஒன்று சொன்னால் பூமிக்குப் போய்ச் சேர இருபது நிமிடமும் மறுமொழி வர இருபது நிமிடமும் ஆகும் என்பதால், ஹெக்டர் கொட்டாஞ்சேனையில் தன்னுடைய வீட்டில் இருந்துகொண்டு, நாங்கள் போட்ட செய்திக்குக் கடிகாரத்தைப் பார்த்து நாற்பதாவது நிமிடத்தில் மட்டும் மறுமொழி போடுவார். வலு நேர்மையான மனிதர். ஒரு நிமிடம் முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார்.

முதல் நாள் பத்து மணிக்கு நான் பருப்புக்குத் தாளித்தேன். அவ்வளவுதான் செய்தது. கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கருகி, அந்தப் புகைக்குப் போக ஒரு வழியும் இல்லாமல், யதுஷா இருமி, ரொஷேல் இருமி, ஸைத் கட்டிலுக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு "டீச்சர், டீச்சர்" என்று கத்தி, காற்றை அளக்கிற கருவி கீச்சுக் கீச்சென்று அலறத் தொடங்கிவிட்டது. சன்னலைத் திறந்தால் செவ்வாயில் நாலு பேரும் செத்துப் போவோம், ஒத்திகை முடிந்துவிடும். "ஹெக்டர், ஒரே புகை, என்ன செய்யிறது?" என்று யதுஷா செய்தி போட்டாள். நான் ஈரத் துவாயை நாலாக மடித்துத் தாச்சியை மூடி, விசிறியின் பின்பக்கத்தில் ஈரச் சீலை ஒன்றைக் கட்டி, புகையை அந்தச் சீலையே பிடிக்கும்படி சுழல விட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் வீடு தெளிந்துவிட்டது. நாங்கள் சோறு போட்டுச் சாப்பிட்டு, பருப்பு நன்றாக இருக்கிறது என்று கதைத்துக்கொண்டிருக்கும்போது ஹெக்டரின் குரல் வந்தது: "டீச்சர், பதறாதேங்கோ. முதல்லை ஆக்கள் எல்லாரும் உயிரோடை இருக்கினமோ எண்டு பாருங்கோ." பார்த்தோம். இருந்தோம்.

இனி அத்தான். இரண்டாம் நாள் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் மிச்சம், வாசல் மணி அடிக்கிறது. எங்களுடைய வாசலில் இரும்புக் கேற்றுக்கும் மரக் கதவுக்கும் நடுவே செருப்பு வைக்கிற சின்ன இடம் இருக்கிறதே, அதைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி, பயணப் பையில் உள்ளது போல இழுத்துப் பூட்டுகிற சிப் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று வைத்து, காற்றறை ஆக்கியிருந்தோம். வெளியிலிருந்து வருகிறவர் முதல் சிப்பைத் திறந்து உள்ளே வந்து, அதைப் பூட்டி, மேலாடையைக் கழற்றி, தூசியைப் போக்கிய பிறகுதான் இரண்டாவது சிப்பைத் திறக்கலாம். அந்தக் கிரகத்துத் தூசி நஞ்சு, அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இந்த நடைமுறையை யதுஷா ஆறு பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அத்தான் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. பொலித்தீனைப் பார்த்துத் திகைத்தாரே தவிர, வந்த வேகத்தில் தானே முதல் சிப்பைத் திறந்து உள்ளே நுழைந்து, "சுபோ, கிட்ட வராதை, தொடாதை, நான் பொரளையிலை செத்தவீட்டுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லி, சேட்டைக் கழற்றி மூலையில் போட்டு, ஒன்றையும் தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு வாளி தண்ணியும் துவாயும் தா." யதுஷா பொலித்தீனுக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அன்ரி, அங்கிளுக்கு ஆர் இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வெளியில் போன உடுப்போடு வீட்டுக்குள் வராதே, கதவடியிலே கழற்று, தண்ணீர் ஊற்று, பிறகு வா. நாங்கள் பரம்பரையாகச் செய்து வருகிற காரியத்துக்குத்தான் பிள்ளை ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். நான் அத்தானுக்கு மனதுக்குள் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெளிச் சிப் இறுகிவிட்டது. அத்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதால் அதை முழங்கையால் இழுத்துப் பூட்டியிருக்கிறார். இப்போது அவரால் வெளியே போக முடியாது. உள்ளேயும் வர மாட்டார், சாமி அறை திறந்திருக்கிறது, குளிக்காமல் காலடி வைக்க மாட்டேன் என்கிறார். பொலித்தீனை வெட்டினால் ஒத்திகை போச்சு. "பூமியைக் கேப்பம்" என்று யதுஷா செய்தி போட்டாள். நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் அத்தான் பொலித்தீனுக்குள் வெறும் மேலோடு நின்றபடி முதலில் உங்களுக்கும், பிறகு லண்டனுக்கும், பிறகு பாரிசுக்கும் போன் எடுத்தார். அவர் சொன்ன எதையும் அமைதியான நிலையில் இருந்த ஒருவர் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன். படியால் ஏறிப் போன மூன்றாம் மாடிக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவருடைய முகம் சிவந்து வருவதை நான் கண்டேன். எழுபத்தாறு வயது. ஹெக்டரின் மறுமொழி வரும் வரைக்கும் காத்திருக்க ஏலாது என்று எனக்குப் பட்டது. யாரையும் கேட்கவில்லை அண்ணா. உள் சிப்பை ஒரு சாண் திறந்து, என்னுடைய பதினொரு லீற்றரில் மிச்சம் இருந்த ஆறு லீற்றரையும் வாளியில் ஊற்றி உள்ளே தள்ளினேன். "இது காணாது" என்றார். ஸைத், "அங்கிள், செவ்வாயிலை அவ்வளவுதான்" என்றான். "செத்தவீட்டுக்குப் போட்டு வந்தவனுக்கு அளந்தோ தம்பி தண்ணி?" என்று அத்தான் கத்த, ஸைத் தன்னுடைய தண்ணீரையும் கொடுத்தான், பிறகு யதுஷாவும் ரொஷேலும் கொடுத்தார்கள். அத்தான் தலையோடு ஊற்றிக் குளித்தார். தண்ணீர் பொலித்தீனுக்குக் கீழால் போய்ப் படி இறங்கி நளீபாவின் வாசலில் நின்றது. "என்னா டீச்சர் இது, படியெல்லாம் தண்ணி ஓடுது, ஸைத் உள்ளுக்கா ஈக்கிறான்?" என்று நளீபா கீழே இருந்து கேட்க, ஸைத் தலையில் கை வைத்துக்கொண்டு, "உம்மா, அது நாங்க குடிக்கிற தண்ணி" என்றான்.

அங்கேதான் மூத்திரக் கதை வந்தது. குளித்து முடித்து, துவாயோடு உள்ளே வந்து கதிரையில் இருந்த அத்தான், குளித்த தண்ணீரை எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டார். ஸைத் கள்ளமில்லாத பிள்ளை. வியர்வை, குளித்த தண்ணீர், மற்றத் தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துச் சுத்தமாக்கித் திரும்பவும் குடிப்பதுதான் அங்கே முறை என்று கருவியின் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினான். அத்தான் உடனே போனை எடுத்து உங்களுக்கு இரண்டாம் முறை அடித்தார். நான் ஒன்று கேட்கிறேன். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் எங்களிடம் வர முன்னர் யார் யாரிடம் போய்விட்டு வருகிறது என்று நாங்கள் விசாரித்திருக்கிறோமா? களனி வீட்டில் அது நாலு பேரிடம் மட்டும்தான் போய்விட்டு வரும், நாலு பேரையும் எனக்குத் தெரியும். அத்தான் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹெக்டரின் மறுமொழி வந்தது: "வந்த ஆள் ஆர் எண்டு முதல்லை விசாரியுங்கோ." ஆறு மணிக்கு ஒத்திகை முடிந்தது. நாங்கள் சித்தி, பாஸ்.

அதிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. பாரிசிலிருந்து யோகம் மாமி கேட்கிறா, "அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று. லண்டனிலிருந்து விசா எத்தனை வருடத்துக்கு என்று கேட்டார்கள். நாகேஸ்வரி அக்கா ஒரு கிலோ மிளகாய்த்தூள் வறுத்து அனுப்பிவிட்டா, கொண்டுபோக. சாதகத்தைப் பற்றி நீங்கள் எடுக்க முன்னர் நானே சொல்லிவிடுகிறேன், என்னுடைய சாதகத்தில் செவ்வாய் ஒரு குறையும் இல்லாமல் நல்ல இடத்தில்தான் இருக்கிறது, நான் கல்யாணம் செய்யாமல் இருந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் ஏன் இந்த வயதில் போக வேண்டும் என்று கேட்பீர்கள். தொண்ணூறாம் ஆண்டு இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று நினைவிருக்கிறதா? பதினொரு பேர், இரண்டு அறை, ஒரு குளியலறை. எல்லோரும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள், பொலிசுப் பதிவுக்கும் சோதனைச் சாவடிக்கும் பயந்து வெளியில் இறங்காதவர்கள். நீங்களும் அண்ணியும் ஒன்பது மாதம் இருந்தீர்கள். குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டியது யார்? ஆளுக்கு இரண்டு வாளி என்று அளந்தது யார்? சண்டை வருகிற நேரம் பார்த்து ஒருத்தரைக் கடைக்கும் ஒருத்தரை மொட்டை மாடிக்கும் அனுப்பியது யார்? உடுப்பு கொழுவுவதற்குச் சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்தேன். மற்றவருடைய ஆணியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். அதை நான் சொன்னபோது யதுஷா எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவர்களுடைய திட்டத்தில் காற்று இருந்தது, தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, ஒருத்தருக்கென்று ஓர் ஆணி இருக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அழ ஓர் இடமும் இருக்கவில்லை. இப்போது இரண்டும் இருக்கிறது. அழுகிற அறை இரண்டடிக்கு மூன்றடி, உடுப்பும் அதற்குள்தான் காயும். அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்னிடம் எட்டுப் புள்ளியைப் பற்றிக் கதைப்பதில்லை. "நீங்கள் இல்லாட்டி இது வீடில்லை அன்ரி" என்று யதுஷா சொன்னாள். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

அதே தொண்ணூறாம் ஆண்டுதான் மனையியல் மேற்படிப்புக்கு மணிலாவுக்கு என்னைத் தெரிவு செய்து கடிதம் வந்தது. இரண்டு வருடம். நான் உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். "நீ போனால் இஞ்சை ஆர் பாக்கிறது?" என்று கேட்டீர்கள். சரியான கேள்விதான். நான் போகவில்லை. நாலு மாதத்தில் உங்களுக்கு விசா வந்தது, நீங்கள் போனீர்கள், மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள், ஆணிகள் மட்டும் சுவரில் நின்றன. அதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதை விட ஆசைதான் கூட. ஒரு வீட்டை முதலிலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும், இதற்கு என்ன வேண்டும், எது இல்லாமல் இருக்க முடியாது என்று. அது எனக்கு ஒரு தடவையும் கிடைக்கவில்லை, கட்டிய வீட்டில் கிடைத்ததை வைத்துச் சமாளித்துத்தான் பழக்கம்.

இன்னொரு புதினமான செய்தி சொல்கிறேன். செவ்வாயில் ஒரு நாள் எங்களுடைய நாளை விட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். களனியிலும் கடிகாரத்தை அப்படித்தான் ஓட விடப் போகிறார்கள். அந்த முப்பத்தொன்பது நிமிடத்தை என்ன செய்வது என்று ஒரு நாள் முழுக்க வாதாடினோம். கருவிகளைத் துடைக்கலாம் என்றாள் ரொஷேல். படுக்கலாம் என்றான் ஸைத். அதை அவரவருக்கே விட வேண்டும், அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது, தேத்தண்ணிகூடக் கேட்கக் கூடாது என்று நான் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். பதினான்கு நாளைக்கும் கூட்டிப் பார்த்தேன், ஒன்பது மணித்தியாலத்துக்கு மேலே வருகிறது. நான் அதில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதைத்தான் அறிய ஆவலாக இருக்கிறது.

வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கதவுத் திறப்பு நளீபாவிடம், பூக்கன்றுகளுக்கு அவ தண்ணீர் விடுவா. பிரஷர் குளிசை இருபது நாளுக்குக் கட்டியாயிற்று. பொன்னாங்காணித் தண்டு பத்து, ரொஷேலின் செடி அறைக்கு ஏற்கனவே போய்விட்டது. அக்காவின் மிளகாய்த்தூளில் கால் கிலோவுக்கு மட்டும் அனுமதி. வைத்தியர் வெளியில் நிற்பார், ஏதும் நடந்தால் கதவை உடைத்துக்கொண்டு வருவார். ஆகவே யோசிக்காமல் அந்தக் கட்டத்துக்குள் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வராவிட்டால் எட்டுப் புள்ளிக்கு வேறு யாரையாவது தேட வேண்டும் என்று படிவம் தந்த பெண் சொன்னா. உங்கள் சொல்லை மீறி நான் இதுவரை ஒரு காரியம் செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு. பெரியவர்களை வணங்குகிறேன், சின்னவர்களை வாழ்த்துகிறேன், இடையில் உள்ளவர்களுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும் தங்கை,
சுபோதினி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது யதுஷா வந்தாள், படிவத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, இது பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கான படிவம். தாய் தகப்பன் கையெழுத்து வைக்கிறது." பள்ளிக்கூட அணிகளுக்கு அடித்ததாம். படிவம் தந்த பெண் இரண்டு கட்டுத் தாள்களை மேசையில் வைத்து, உங்களுக்குரியதை எடுங்கள் என்றுதான் சொன்னா. ஒன்றில் பாதுகாவலருக்கு ஒரு கட்டம் இருந்தது. மற்றதில் அவரவர் கையெழுத்துக்கு ஒரேயொரு கோடு. நான் யோசிக்கவே இல்லை அண்ணா, கட்டம் இருந்ததைத்தான் எடுத்தேன். அறுபத்துமூன்று வயது எனக்கு. யதுஷா சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்றப் படிவம் அவளுடைய பையிலேயே இருந்தது. சமையலறை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்கு அனுப்ப வைத்திருந்ததை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், தேட வேண்டாம். இவ்வளவு நீளமான கடிதத்தைக் கிழிக்க மனமில்லை, வாசியுங்கள். மறுமொழி போட விரும்பினால் கடிதமாகவே போடுங்கள், ஆனால் அது வர முன்னரே கதவு அடைபட்டிருக்கும். போட்டு வாறன், அண்ணா.